கீற்றில்லாத குருவி

எங்கள் ஊர்ப் பறவைச் சங்கத்தில் ஒரு பதிவேடு உண்டு. ஏரியிலோ சதுப்பிலோ இதுவரை கண்டிராத பறவையைப் பார்த்ததாக யாராவது சொன்னால், படத்தோடு அது என்னிடம் வரும். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பதிவேட்டில் ஏறும். முப்பத்தொரு வருடமாக அந்தக் கையெழுத்து என்னுடையது. அதற்கு முன்னால் என் அப்பா கடை கடையாகப் போய் எடைக்கல் சோதிக்கும் வேலையில் இருந்தவர். எங்கள் குடும்பம் ஒன்றைச் சரி என்று சொன்னால் ஊரில் மறுபேச்சு இருக்காது. அதைத் தவிர எங்களிடம் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

வந்த படங்களில் பாதிக்கு மேல் நான் தள்ளிவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் சங்கத்தார் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘இல்லை ஐயா’. அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான்.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் பக்கத்து நகரத்தில் வேலை, சனிக்கிழமை மதியம் வீடு வருவான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு சதுப்புக்குப் போய்விடுவான். பதினோரு வருடத்தில் அவன் கொண்டுவந்த ஒன்பது படங்களை நான் தள்ளியிருக்கிறேன். சொந்தப் பிள்ளை என்று ஒரு இழை தளர்த்தினாலும் நாளைக்கு நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசுவார்கள். ஒருமுறை அவன் சிரித்துக்கொண்டே, “உங்களையே படம் எடுத்துட்டு வந்து நீட்டினாலும், இது யாருன்னு உறுதியாத் தெரியலைன்னுதாம்பா எழுதுவீங்க” என்றான். சிரித்தானே தவிர, அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மருமகள் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறாள். மாடிப்படிக்குக் கீழே அவளுடைய கம்ப்யூட்டர். மகன் எடுத்த பறவைப் படங்களில் நல்லதாகப் பார்த்து எடுத்து, அவற்றின் மேல் ஃபில்டர் போட்டு, சுவரில் மாட்டும் படங்களாக்குவாள். ஒரு பொத்தானைத் தட்டினால் கொக்கு ஆயில் பெயின்ட்டில் வரைந்த கொக்காகிவிடும். இன்னொன்றைத் தட்டினால் பென்சில் கோடு. வாட்டர்கலர் போட்டால் சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் எல்லாம் பக்கத்து நிறத்தோடு கலந்து, ஈரத் தாளில் ஊறியது போலாகும். ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் அவள் படங்கள் தொங்குகின்றன. எனக்கு அது பிடிக்காது. பறவைக்கு வேஷம் கட்டுகிற வேலை என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். வேஷம் கட்டிய படம் எதுவும் என் மேசைப் பக்கம் வரக்கூடாது என்பது ஒன்றுதான் நான் போட்ட நிபந்தனை.

எனக்கும் ஒரு முறை உண்டு. திரையில் பார்த்து நான் கையெழுத்துப் போடமாட்டேன். தாளில் அச்சடித்த படம் வேண்டும், காலை பத்து மணி வெளிச்சம் வேண்டும், என் பூதக்கண்ணாடி வேண்டும். திரை பளபளப்புக் காட்டி ஏமாற்றும், தாள் ஏமாற்றாது என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதனால் மகன் எடுப்பதையெல்லாம் மருமகள் அஞ்சலட்டை அளவில் அச்சடித்து, என் ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிய நூலில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். அவளுடைய சோதனை அச்சுகளுக்குப் படிக்கட்டுக்குக் கீழே தனி நூல்.

ஒரு திங்கட்கிழமை என் நூலில் அந்தக் குருவி தொங்கியது.

ஈப்பிடிப்பான் என்று ஒரு சின்னக் குருவி இனம். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் வருவது கீற்றுமார்பு ஈப்பிடிப்பான். பென்சிலைச் சீவி மெல்லிசாக இழுத்த மாதிரி மார்பு முழுக்கக் கீற்றுகள் இருக்கும். ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்றால் நாலு பார்க்கலாம். ஆனால் அன்று தொங்கிய படத்தில் நாணல் தண்டில் உட்கார்ந்திருந்த குருவிக்கு மார்பில் ஒரு கீற்றுகூட இல்லை. சுத்தமான சாம்பல் நிறம். அப்படி ஒரு ஈப்பிடிப்பான் உயரமான மலைகளில் இருக்கிறது. சமவெளியில் அதைப் பார்த்தவர் எவருமில்லை.

நாலு நாள், தினமும் பத்து மணிக்கு அதே படத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பதிவேட்டில் எழுதினேன்: சாம்பல்மார்பு ஈப்பிடிப்பான், நம் பகுதியில் முதல் முறை. கீழே மகன் பெயர், அதற்கும் கீழே என் கையெழுத்து.

மகனுக்குப் போனில் சொன்னேன். தான் எடுத்தது சாதாரணக் கீற்றுமார்பு என்றே நினைத்ததாகச் சொன்னான். எடுத்தவனுக்குக் கண் பத்தவில்லை என்றேன். அவன் சிரித்துவிட்டு, “நிஜமாவாப்பா?” என்று மூன்று தடவை கேட்டான். சங்கத்தின் ஆண்டுப் பட்டியல் அந்தக் குருவியை அட்டையில் போட்டு வெளியிட்டது. வருடக் கூட்டத்தில் பேசச் சொல்லி மகனுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமைதோறும் வந்து, பேசப் போவதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டுவான். ஒவ்வொரு வாரமும் அது ஒரு பக்கம் நீண்டுகொண்டிருந்தது.

கையெழுத்துப் போட்டு ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து ஒரு கடிதம். எல்லாப் பகுதிகளுக்குமான பெரிய பட்டியலைத் தொகுக்கும் குழுவின் தலைவி எழுதியிருந்தார். தொழிலால் பல் டாக்டர். வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வருவதாகவும், கேமராவில் பதிவான முழு அளவுப் படத்தையும் என் கையெழுத்தையும் வாங்கிப் போக விரும்புவதாகவும் இருந்தது. அன்று வியாழக்கிழமை. மருமகளைக் கூப்பிட்டு அந்தப் பெரிய படத்தை எடுத்து வைக்கச் சொன்னேன்.

அவள் நகரவில்லை. கையில் இருந்த கிளிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். பிறகு, “மாமா, அது நான் வாட்டர்கலர் போட்ட படம்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். அந்தத் திங்கட்கிழமை அவளுடைய நூலில் இடமில்லை. அரை மணி நேரம்தானே என்று ஒரு சோதனை அச்சை என் நூலில் மாட்டியிருக்கிறாள். ஃபில்டரைப் பத்துக்கு இரண்டு என்ற அளவில்தான் வைத்தாளாம். பெயின்டிங் என்று தோன்றக்கூடாது, லேசாக மென்மையாக வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டாராம். அந்த இரண்டுக்கே மார்புக் கீற்றெல்லாம் சாம்பலோடு கரைந்து போயிருக்கிறது. அவள் எடுக்கத் திரும்பி வந்தபோது படம் என் மேசையில், என் கண்ணாடிக்குக் கீழே இருந்தது.

“இத்தனை நாள் ஏன் சொல்லலை?”

“பயமா இருந்துச்சு மாமா.”

“யார்கிட்ட?”

அவள் தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

அன்றுதான் முதல்முறையாக அவளுடைய திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கேமராவில் வந்த படத்தைத் திறந்து காட்டினாள். அதே நாணல், அதே குருவி. மார்பு நிறையக் கீற்று. ஏரிக்கரையில் பத்து நிமிடத்தில் நாலு பார்க்கிற குருவி. அட்டைப்படம், மகனின் பேச்சு, சங்கத்தார் முகங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முப்பத்தொரு வருடம் நான் தள்ளிவிட்ட ஒவ்வொருவரும் வாசலில் வந்து நின்றுகொண்டு உள்ளே எட்டிப்பார்க்கிற மாதிரி இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு நான் கேட்டது வேறு. கேமராவில் வந்த மாதிரியே, முழு அளவில், கீற்று மட்டும் இல்லாமல் ஒரு படம் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

“நீங்களா மாமா கேக்கறீங்க?” என்றாள்.

“உன் புருஷன் பேர் இருக்கும்மா அதுல.” என் பேரும் இருந்தது. அதைச் சொல்லவில்லை. “நாளைக்கு அந்த அம்மா கேட்டா, ஒரிஜினல்தான், கேமராவுல வந்தபடியேன்னு சொல்லணும். வேற ஒரு வார்த்தை கூடாது.”

“சரி மாமா.”

காலையில் உட்கார்ந்தவள் மதியம் மூன்று மணிவரை எழவில்லை. ஃபில்டர் போட்டால் பெரிய அளவில் பார்க்கும்போது தெரிந்துவிடும் என்று, ஒவ்வொரு கீற்றாகக் கையால் எடுத்து, அந்த இடத்தில் பக்கத்து இறகின் நிறத்தை நிரப்பினாள். என் அறை வரைக்கும் மௌஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கீற்று போகிறது என்று எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி ஆரம்பித்தேன். முடிந்ததும் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

டாக்டர் கண்ணில் படக்கூடிய குறையை முதலில் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கண்ணாடியை எடுத்தேன். படம் பொய் என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் எத்தனை கீற்று இருந்தது என்றுகூடத் தெரியும். ஒரு மணி நேரம் பார்த்தேன். வலமிருந்து இடம், மேலிருந்து கீழ். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், தலைகீழாக வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. ஒவ்வொரு இறகும் இறகாகவே இருந்தது.

அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. அதுவரை பட்டது மாட்டிக்கொள்வோமே என்ற பயம். இது வேறு. கம்ப்யூட்டர் இல்லாத வீடு இப்போது ஏது? கொஞ்ச வருடமாக எனக்கு வந்த படங்களெல்லாம் இப்படிப்பட்ட இயந்திரங்கள் வழியாகத்தான் வந்திருக்கும். யாரோ தெரியாமல் மென்மையாக்கியது, யாரோ அழகுக்காக நிறம் கூட்டியது, யாரோ வேண்டுமென்றே செய்தது. எல்லாவற்றையும் இதே கண்ணாடியால், இதே ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, இதே கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கண்ணாடியை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு டாக்டர் வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், கலகலப்பான பெண்மணி. வாயைத் திற என்று யாரிடமும் சொல்லாமல் கழிக்கிற ஒரே நாள் சனிக்கிழமைதான் என்றார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். டாக்டர் படத்தைத் தன் லேப்டாப்பில் ஏற்றி, மார்பு திரை முழுக்க நிறையும்வரை பெரிதாக்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் ஒரு தடவை சுருங்கியது. அவர் கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கினார், அவ்வளவுதான்.

“இதுல சந்தேகத்துக்கே இடமில்ல ஐயா” என்றார்.

பிறகு ஒரு நல்ல செய்தி சொல்கிற தோரணையில் இன்னொன்று சொன்னார். குழுவில் ஆள் குறைவாம். வருகிற படங்களோ ஆயிரக்கணக்கிலாம். அதனால் இந்த வருடம் முதல் என் கையெழுத்தோடு வருகிற எதையும் மறுபடி சோதிப்பதில்லை, பழையவற்றையும் அப்படியே பெரிய பட்டியலில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறார்களாம். ஒப்புதல் தாளை என் முன்னால் வைத்து, தன் பேனாவையே திறந்து நீட்டினார்.

பேனாவை வாங்கிவிட்டேன். எழுத முடியவில்லை. இந்தப் படம் பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொன்னவன்தான். என் வீட்டைப் பற்றி அதைச் சொல்வது வேறாக இருந்தது. மருமகள் சொல்லட்டும், அவளுக்குச் சொல்லத் தெரியும் என்று தோன்றியது. கோழைத்தனம்தான்.

“ஏம்மா, இந்தப் படத்தைப் பத்தி நீயே டாக்டர்கிட்டச் சொல்லு” என்றேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. “ஒரிஜினல்தாங்க. கேமராவுல வந்தபடியே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

“ஒரிஜினல்தாங்க” என்றாள் மறுபடியும். “கேமராவுல வந்தபடியே.”

நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள், சொல்லிக்கொடுத்த வரிசையில். நான் அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். இன்னும் பத்துத் தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வாள். கதவுப் பலகையைப் பிடித்திருந்த அவள் விரல் நகங்கள் வெளுத்திருந்தன. நாற்பது நாள் இந்தப் பெண் இப்படித்தான் இந்த வீட்டில் நடமாடியிருக்கிறாள், எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

இனி நான் உண்மையைச் சொன்னால், அந்நியர் முன்னால் என் மருமகள் பொய்க்காரி. சொல்லாவிட்டால், கையெழுத்து. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவ பொய் சொல்லலை டாக்டர்” என்றேன். “நான் சொல்லச் சொன்னதைச் சொல்றா. படம்தான் பொய். செய்யச் சொன்னவனும் நான்தான்.”

டாக்டர் முதலில் சிரித்தார். பெரியவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று எடுத்துக்கொண்டார் போல. யாரும் கூடச் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். நான் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். மருமகள் போய்க் கேமராப் படத்தையும் அதன் அச்சையும் கொண்டுவந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் நெடுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“எனக்கும் தெரியலையே ஐயா” என்றார் மெதுவாக. குரலில் அந்தக் கலகலப்பு போயிருந்தது. “இதுக்கு முன்னாடி எத்தனை?”

“தெரியாது.”

பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். கம்ப்யூட்டர் வழியாகப் படங்கள் வரத் தொடங்கிய இந்த ஒன்பது வருடத்தில் என் கையெழுத்தோடு ஏறியவை நூற்று நாற்பத்து மூன்று. இவற்றில் எவற்றுக்கு நான் உறுதி சொல்ல முடியும் என்று கேட்டார். நான் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயரும் தெரிந்த பெயர். ஒன்றின் மேலும் என்னால் விரல் வைக்க முடியவில்லை. அப்படியானால் ஒவ்வொருவரிடமும் கேமராப் படத்தைக் கேட்டு எழுத வேண்டும், ஏன் கேட்கிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டும் என்றார். உங்கள் பேரைச் சொல்லாமல் முடியாதே என்று தயங்கினார். கடிதங்களை நானே எழுதுகிறேன் என்றேன்.

டாக்டர் போனபோது மணி பன்னிரண்டரை. மகன் வர அரை மணி இருந்தது. தப்பெல்லாம் தன்னுடையது என்று தானே அவனிடம் சொல்லிவிடுவதாக மருமகள் சொன்னாள். உன் தப்பு ஒரு நூலை விட்டு இன்னொரு நூலில் மாட்டியது, அதோடு சரி, மிச்சம் என்னுடையது என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

மகன் வந்தான். கையில் பேச்சு எழுதிய தாள்கள். வாசலிலேயே, டாக்டர் வந்தார்களா, கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவன், மேசையில் கிடந்த இரண்டு படங்களையும் பார்த்து நின்றான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் அவன் குனிந்து, கீற்றுள்ள படத்தின் மேல் விரலை வைத்துவிட்டான்.

“இதுதாம்பா நான் பார்த்தது.”

“உனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“கீற்று இருந்துச்சுப்பா. பத்தடியில நின்னு பார்த்தேன். நீங்க இல்லைன்னு சொன்னீங்க. சரி, நமக்குத்தான் கண்ணு சரியில்லன்னு விட்டுட்டேன்.”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தாள்களை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கை கழுவப் போனான். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவன் பார்த்த எத்தனை பறவைகளை இப்படி அவன் கண்ணிலிருந்தே நான் பிடுங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது, டாக்டரின் பட்டியல் சின்னதாகிவிட்டது.

பதிவேட்டில் அந்த வரியை அடித்து, காரணம் எழுதி, தேதி போட்டேன். நூற்று நாற்பத்து மூன்று கடிதங்களையும் என் கைப்படவே எழுதினேன். எழுதி முடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் முதல் வரி, நான் செய்த தவறு இன்னது என்பது. இரண்டாவது வரி, உங்கள் படத்தையும் நான் இப்படித்தான் பார்த்தேன் என்பது.

முதல் பதில் இன்று காலை வந்தது. தடிமனான உறை. அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். பதிவேட்டில் நான் மிகவும் பெருமைப்படுகிற பறவை அவருடையது. ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு நொடிகூடத் தயங்காமல் கையெழுத்துப் போட்டேன். உறையைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

மருமகள் படிக்கட்டுக்குக் கீழிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

“நான் பிரிக்கட்டுமா மாமா?”

உறையை அவளிடம் நீட்டினேன். அவள் ஓரத்தைக் கிழிக்கத் தொடங்கினாள்.